கடலுக்கு மேலே மிதந்த கிணறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் உங்களுக்கு நடந்த பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நிலத்தடி நீர்ப் பிரிவுக்குப் புதிதாக எடுக்கப்பட்ட பிள்ளைகள் நீங்கள். நான் அதே பிரிவில் முப்பது வருடத்துக்குக் கிட்ட கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு மாலை, ஒரு பால் தேத்தண்ணி, பேசுவதற்குப் பத்து நிமிடம். எனக்கு முன்னால் ஒரு தம்பி திரையில் படம் போட்டு, பூமியைப் பற்றிய வியப்பான செய்திகளைச் சொன்னார். பூமி சரியான உருண்டை கிடையாது, இடுப்பில் கொஞ்சம் பருத்தது. சந்திரன் இழுக்கிற இழுவையில் கடல் மட்டுமா, நாங்கள் நிற்கிற கல்லும் மண்ணும்கூட நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகின்றன. உலகத்து ஆறுகளையும் குளங்களையும் ஒன்றாக ஊற்றினாலும் நிலத்துக்குக் கீழே கிடக்கிற நல்ல தண்ணீருக்குக் கிட்டவும் வராது.

நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் கைபேசியில் படம் எடுத்தீர்கள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம்.

எனக்குப் பசிக்கவில்லை. கோபமாக இருந்தது. அந்தத் தம்பி பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த உண்மைகள் கைதட்டிவிட்டு எழும்பிப் போகிற விஷயங்கள் என்று நினைத்தால், உங்கள் கையாலும் ஒரு ஊர் நாசமாகும். என் கையால் ஆனது. அதைப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது என்றுதான் அன்றைக்கு நன்றி சொல்லி இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. வேலைக்கு வந்த புதிதில் ஓமந்தைப் பக்கம் வயல் செய்கிற ஒரு கமக்காரர் வீட்டில் குழாய்க் கிணறு அடிக்க இடம் காட்டச் சொன்னார்கள். பக்கத்து வளவில் அடித்த கிணறு தண்ணீரைக் கொட்டிக்கொண்டு இருந்தது. வேலியில் இருந்து முப்பது அடி தள்ளி ஒரு தடியை ஊன்றி, "இஞ்சை அடியுங்கோ" என்றேன். வேறு ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அடுப்பு மூட்டிப் பொங்கலும் வைத்துவிட்டார். துளையிடும் இயந்திரம் பின்னேரம் வரை இரைந்தது. வந்தது வெள்ளைத் தூள் மட்டும். பொங்கல் பானை, மாமரம், அவருடைய தலை, எல்லாம் அரிசி மா பூசினதுபோல் ஆனது.

வன்னியின் உள்பகுதியில் எங்களுக்குக் கீழே இருக்கிற கல், ஒரு காலத்தில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து இறுகினது. அதற்கு மேலே இருந்த மலைகள் எல்லாம் தேய்ந்து போனபிறகு வெளியில் வந்தது. அதற்குள் தண்ணீர் இல்லை, வெடிப்புகளுக்குள் மட்டும்தான் உண்டு. ஒரு வெடிப்பு உங்கள் அயலவரின் வளவுக்குள்ளால் ஓடி, உங்கள் வேலிக்கு வராமலே திரும்பிப் போகும். அந்தக் கமக்காரர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் அதைச் சீக்கிரம் மறந்திருப்பேன்.

அது அறியாமல் விட்ட பிழை. அடுத்தது தெரிந்து விட்ட பிழை.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்கள் பட்டது போதும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்கிற உப்பேரி, நடுவில் நீளமான மணல் திட்டி. அதில் கொங்கிறீட் வளையம் இறக்கிய, ஆள் உயரத்துக்குச் சற்றே கூடின சின்னக் கிணறுகள். கடல் இரைகிற சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு அவ்வளவு நல்ல தண்ணீர். சண்டை முடிந்து முகாமில் இருந்து திரும்பின சனம், அந்தத் தண்ணீரை நம்பித்தான் மிளகாயும் கச்சானும் போட்டார்கள்.

அங்கேதான் ராசாத்தியைச் சந்தித்தேன். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், அரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம். நான் கிணற்றுக்குள் அளவு நாடாவை விட்டுக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து குந்தினார்.

"மிஸ், இந்தத் தண்ணி ஏறி எறங்குதுங்க."

"மழைக்குத்தானே?"

"இல்லீங்க. மழை இல்லாட்டியும் ஏறுது. நாளுக்கு ரெண்டு தடவ. மூணு விரல் அளவுக்கு. நேத்து ஏறின நேரத்துக்கு இன்னைக்கு ஏறாது, கொஞ்சம் பிந்தித்தான் ஏறும்."

கிணற்றின் உள்சுவரில் செங்கல் துண்டால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். மூத்தமகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் நேரமும் எழுதியிருந்தார். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "எறங்கின நேரத்துல மோட்டர் போட்டா சேறு வருது. அதான் பாத்து வச்சிக்கிறேன்" என்றார்.

என்னோடு வந்திருந்த எங்கள் பொறியியலாளர் சிரித்தார். "அக்கா, கிணத்துக்கும் அமாவாசை பறுவம் பாக்கிறியளோ?"

பிள்ளைகளே, ராசாத்தி பார்த்தது கடலின் வற்றுப்பெருக்கு, நாளுக்கு இரண்டு தரம் கடல் ஏறி இறங்குவது. அந்தத் திட்டியில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீரின் மேலே மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் உயர்ந்தால் அதன் மேலே இருக்கிற நல்ல தண்ணீரும் உயரும், கிணறும் உயரும். இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அந்த இடத்திலேயே "சிரிக்காதையுங்கோ, அவா சொல்லுறது சரி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேரம் போகிறது, வாகனம் நிற்கிறது, பிறகு அறிக்கையில் எழுதுவோம் என்று விட்டுவிட்டேன். ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவர் பிழையாகச் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பதும் ஒரு முடிவுதான். அங்கேதான் நான் முதலில் சறுக்கினேன்.

நாங்கள் அங்கே கொண்டுபோன குடிநீர்த் திட்டம் இதுதான்: நாற்பது அடிக்கு ஒரு குழாய்க் கிணறு, பெரிய மோட்டர், உயரத்தில் தண்ணீர்த் தாங்கி, வீடு வீடாகக் குழாய். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். நான் வேண்டாம் என்றேன். சின்னக் கிணறுகள் பலதாக, தள்ளித் தள்ளி, சின்ன மோட்டராக வைப்போம் என்றேன். காரணம் இருந்தது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். இதைக் கேட்டுத்தான் நீங்கள் கைதட்டுவீர்கள். அதன் மறுபக்கத்தைக் கேளுங்கள். இறைத்து இறைத்து மேலே ஒரு சாண் குறைத்தால், கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் நாற்பது சாண் மேலே ஏறிவரும். அதுவும் அன்றைக்கே வராது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில், சத்தமில்லாமல் வரும்.

என் பேச்சை யாரும் எடுக்கவில்லை. குழாய்க் கிணற்றை அடித்துப் பரிசோதித்தபோது இரண்டு மணித்தியாலம் இறைத்தார்கள். தண்ணீர் பன்னீர்போல் இருந்தது, உப்பை அளக்கிற என் மீற்றரும் அதையே காட்டியது. பொறியியலாளர் ஒரு குவளையில் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கை மிஸ் உங்கடை கடல்?"

அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அறிக்கையில் ஒரு வசனம் எழுதினேன்: இந்தக் கிணற்றில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இறைக்கக் கூடாது. அடுத்தநாள் அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, மெதுவாகத்தான் கதைத்தார்.

"மிஸ், திறப்புவிழாவுக்கு நாள் வைச்சாச்சு. பெரிய ஆக்கள் வருகினம். இந்த வசனம் இருந்தால் இவ்வளவு பெரிய மோட்டர் ஏன் எண்டு கேப்பினம். எடுத்துவிடுங்கோவன்."

"எடுத்தால் உப்பு வரும் சேர்."

"வந்தால் பாப்பம். இப்ப தண்ணி நல்லாத்தானே கிடக்கு? நீங்களே அளந்தனீங்கள். உங்கடை மீற்றர்தானே சொன்னது?"

அதுதான் கொக்கி. என் மீற்றர்தான் சொன்னது. அளந்ததை நம்புகிறவள் நான், அளந்தது நல்லதாக இருக்கிறதே என்று எனக்குள்ளும் ஒரு குரல் கேட்டது. அதோடு அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு பார்க்கப்பட்டது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வசனத்தை வெட்டினேன். கையெழுத்துப் போட்டேன். முதல் பிரதியை மட்டும் கிழிக்க மனம் வராமல் வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். அதை நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். மேசையில் செய்யத் துணிவில்லாததை அலுமாரியில் செய்தேன், அவ்வளவுதான்.

விழா நடந்தது. ரிபன் வெட்டினார்கள். மோட்டர் காலையில் இருந்து பின்னேரம் வரை ஓடியது. பக்கத்துக் குடியிருப்புக்கும் குழாய் இழுத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? அறிக்கையில்தான் தடை ஒன்றும் இல்லையே.

அடுத்த கோடையில் ராசாத்தி தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், பருப்பு வேகுதில்லீங்க. சவர்க்காரம் நொரைக்குதில்ல."

பேருந்து பிடித்துப் போனேன். மீற்றரைக் குழாய்த் தண்ணீரில் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது. மோட்டருக்குக் கிட்ட இருந்த வீட்டுக் கிணறுகளிலும் விட்டேன். ராசாத்தியின் கிணறுதான் எல்லாவற்றிலும் மோசம். மிளகாய் இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகி நின்றது. பிள்ளைகள் இரண்டும் சைக்கிளில் பிளாஸ்டிக் கானைக் கட்டிக்கொண்டு திட்டியின் மறு முனைக்குத் தண்ணீர் அள்ளப் போயிருந்தன. பள்ளிக்கூட நேரம் அது.

நான் எண்களை எழுதிக்கொண்டு நின்றேன். ராசாத்தி என் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாங்களா? நீங்கதான் கையெழுத்துப் போட்டதா சொல்றாங்க. உப்பு வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

முப்பது வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான். விஞ்ஞானம் சிக்கலானது, பல காரணங்கள் இருக்கலாம், மேலதிக ஆய்வு தேவை என்று சொல்லித் தப்பலாம். எங்கள் தொழிலில் அதற்கெல்லாம் வசனம் தயாராக இருக்கும்.

"ஓம். தெரியும்" என்றேன்.

அவர் ஏசவில்லை, அழவில்லை. தோட்டத்துக்குள் போய்க் கருகின செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். நான் போகிறேன் என்று சொன்னதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, சனம் முறையிட்டதால், அந்தக் கிராமத்துப் பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வெளியில் இருந்து வந்த ஓர் அம்மா தலைமை வகித்தா. மேலதிகாரி, நேர்மையானவா என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் தண்ணீர் அவாவின் துறை இல்லை. பொறியியலாளர் எழும்பி அரை மணித்தியாலம் கதைத்தார். சனம் கிணறுகளைத் துப்புரவாக வைத்திருக்கவில்லையாம். பசளை உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்களாம். குழாயை உடைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்களாம். கடைசியாகச் சொன்னார்: "இதுக்கு ஒரே வழி, கிணத்தை இன்னும் முப்பது அடி ஆழமாக்கிறது."

ஆழமாக்குவதாம்! கடலுக்குள் குழாயை இறக்கிவிட்டு நல்ல தண்ணீர் வரும் என்று அந்த மனிசர் சனத்துக்கு முன்னால் சொல்கிறார். அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம், கேட்க விருப்பமில்லை. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனம். அவர்களைப் பார்த்துத்தான், உங்கள் அழுக்கினால் உங்கள் தண்ணீர் கெட்டது என்றார்.

ராசாத்தி எழும்பி அந்தக் கொப்பியைக் காட்டினார். "சார், ஒரு வருசத்துக்கு மேல எழுதி வச்சிருக்கேன். பெரிய மோட்டர் போட்டதுல இருந்து தண்ணி ஏறுறது கொறஞ்சு, எறங்குறது கூடிப் போச்சு. பாருங்க."

"அதென்ன, சாத்திரமோ?" என்றார் பொறியியலாளர்.

அப்போதுதான் நான் எழும்பினேன். "இல்லை சேர். அதுக்குப் பேர் அளவீடு. எங்கடை பைலிலை இந்த ஊரின்ரை நீர்மட்டம் ஒரே ஒரு நாள்தான் இருக்கு. அவாவின்ரை கொப்பியிலை நானூறு நாள் இருக்கு. இந்த மண்டபத்திலை சாத்திரம் சொல்லுறது ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் முதல் பிரதியைத் தலைமை தாங்கிய அம்மாவின் முன்னால் வைத்தேன். "இதிலை ஒரு வசனம் இருக்கு. பிறகு போன அறிக்கையிலை அது இல்லை. வெட்டினது நான்தான்."

"ஏன் வெட்டினீங்கள்?" என்று கேட்டா.

"பயத்திலை."

பொறியியலாளர் கதைக்க வாய் திறந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினா. "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. கடல் எப்பிடிக் கிணத்துக்குள்ளை வரும்?"

தேத்தண்ணி மேசையில் இருந்து ஒரு கண்ணாடிக் குவளை எடுத்தேன். அரைவாசிக்குத் தண்ணீர், நாலு கரண்டி உப்பு, நன்றாகக் கரைத்தேன். ஆறிப்போன, சீனி போடாத வெறும் தேத்தண்ணியைக் கரண்டியின் முதுகில் படவிட்டு மெல்ல மெல்ல மேலே ஊற்றினேன். கீழே வெள்ளையாய் உப்புத் தண்ணீர், மேலே சிவப்பாய்த் தேத்தண்ணி, நடுவில் கோடு கிழித்ததுபோல் நின்றது. பின்வரிசைச் சனம் எழும்பி வந்து சுற்றி நின்றது. சர்பத் குடிக்கிற குழாய் ஒன்றைத் தேத்தண்ணிக்குள் மட்டும், கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வைத்தேன்.

"மெல்ல ஒரு மிடறு குடியுங்கோ அம்மா."

குடித்தா. "தேத்தண்ணிதான்."

"இனி விடாமல் உறிஞ்சுங்கோ."

உறிஞ்சினா. கோடு குழாயின் வாயைநோக்கி மேலே இழுபட்டது. எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கியது. லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு, பொறியியலாளரின் பக்கம் குவளையைத் தள்ளி வைத்தா.

"நீங்களும் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ."

அவர் குடிக்கவில்லை.

ஆழமாக்கும் வேலை அன்றைக்கே நின்றது. பெரிய மோட்டரைக் கழற்றினார்கள். திட்டியின் நீளத்துக்குத் தள்ளித் தள்ளிச் சின்னக் கிணறுகள் வெட்டினார்கள். நான் ஆரம்பத்தில் கேட்டதுதான். இரண்டு மாரி பெய்தபிறகு தூரத்துக் கிணறுகள் சில தெளிந்தன. நல்லபடி முடிந்தது என்று இதோடு நிறுத்தினால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் மணலுக்குள் ஏறின உப்பு, ஏறின வேகத்தில் இறங்காது. மழை ஒவ்வொரு வருடமும் மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கீழே தள்ள வேண்டும். மோட்டரின் காலடியில் இருந்த ராசாத்தியின் கிணறு தெளியவே இல்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெட்டினதற்காக என்றால் தலைவணங்கி வாங்கியிருப்பேன். உள்ளக ஆவணத்தை வெளியில் காட்டினதற்காக! பதவி உயர்வு போனது. வவுனியாவில் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பொறியியலாளர் இன்னும் பெரிய திட்டம் ஒன்றுக்குப் பொறுப்பாகப் போனார். அவர் கடைசிவரை அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னைவிடக் கூடத் தெரியும். ஆனால் உங்கள் மேசைக்கும் ஒருநாள் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார். சத்தம் போட மாட்டார். ஒரு வசனம்தானே என்பார். அப்போது பூமி உருண்டையா தட்டையா என்பதில் உங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்காது, உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். அந்த இடத்தில் நிற்கப் பழகுங்கள். வற்றுப்பெருக்கும் பாறையும் உப்பும் திறப்புவிழாத் திகதி பார்த்து நடப்பதில்லை. இரண்டு மணித்தியாலம் அளந்துவிட்டு ஒரு ஊரின் இருபது வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு கிணற்றைத் தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்து, உங்களுக்கு முன்னால் எவனையும் சிரிக்க விடாதீர்கள்.

ஓய்வு பெற்றபிறகு ராசாத்தியைத் தேடிப் போனேன். ஊரில் இல்லை. தோட்டம் இல்லாமல் போன அடுத்த வருடமே பரந்தனில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்றும், ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிறார் என்றும் சொன்னார்கள். ஒரு பங்குனி மத்தியானம் அங்கே போனேன். கண் கூசுகிற வெள்ளை. தலையில் துவாய், கையில் உப்பு வாருகிற பலகை. என்னை அடையாளம் கண்டு, வேலையை விட்டுவிட்டு வரம்பால் நடந்து வந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தனான்" என்றேன்.

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைச் சேலையில் துடைத்தார்.

"எனக்கு ஒங்க மேல கோவம் இன்னும் இருக்குங்க மிஸ். மறைக்க மாட்டேன்."

"இருக்கட்டும். அது நியாயம்."

"இவ்வளவு வெயில்ல வந்திருக்கீங்க" என்று, வரம்பு ஓரத்தில் நிழலுக்காகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த போத்தலை எடுத்துத் திறந்து நீட்டினார். பின்னேரம் வரைக்கும் அவருக்கு இருந்தது அந்த ஒரு போத்தல்தான்.

ஒரு மிடறு குடித்தேன். மிச்சத்தை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.